முப்பத்தெட்டாவது தகட்டைத் துடைத்த நாள்

பதினைந்து விநாடி தலையை அசைக்காமல் நிற்க உங்களால் முடியுமா? சும்மா கேட்கவில்லை. எழுந்து நின்று, ஃபோனில் டைமர் வைத்துப் பாருங்கள். முடிந்ததா? முடியும். நானே நின்று பார்த்திருக்கிறேன், எட்டாவது விநாடியில் மூக்கு அரிக்கும், அவ்வளவுதான். அப்படியென்றால், ஓர் ஆள் எட்டடிக் கோலைப் பிடித்துக்கொண்டு, கை நடுங்காமல், கால் மாற்றாமல் நிற்கிறான், ஆனால் தலை மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது என்றால், அவனால் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவனுக்கு மனசில்லை.

அந்த ஆளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன் என்னைப் பற்றி நாலு வரி.

வயது இருபத்தேழு, ரிட்டயர் ஆகிவிட்டேன். சிரிக்காதீர்கள். பழைய கண்ணாடி நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யும் வேலையில் மூன்று வருஷம் இருந்தேன், இனி செய்வதாக இல்லை, அதற்குப் பெயர் ரிட்டயர்மென்ட்தானே. இப்போது கழக்கூட்டத்தில் ஒரு ஐடி கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிறேன். பழைய இடத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள்: 'அண்ணா, ஒவ்வொரு தகடையும் ரெண்டு தடவ ஸ்கேன் பண்ணணுமா? புது சாஃப்ட்வேர் கறையெல்லாம் தானா எடுத்துருதே. சேச்சிகிட்ட கேட்டா ஒங்ககிட்ட கேக்கச் சொல்லுதாங்க.' பதில் அடிக்க ஆரம்பித்தேன். குரூப்பில் போட முடியாத நீளத்துக்குப் போய்விட்டது.

எங்கள் வீடு கரமனையில். அப்பா நாகர்கோவில் பக்கத்துக்காரர், சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. நான் பிசிக்ஸ் முடித்துவிட்டு ஆறு மாதம் வீட்டில் படுத்துக் கிடந்தேன். கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டு மாடியில் ஒரு தனியார் டிரஸ்ட் ஆவணக்காப்பகம் நடத்துகிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ட்ரெய்னிங் ஒரு மாதம். முதல் இரண்டு வாரம் ஜன்னல் கண்ணாடித் துண்டுகளை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு மாற்றி வைத்ததுதான் ட்ரெய்னிங். உடைத்தது மூன்று. மூன்றாவது உடைந்ததும் ஒரிஜினல் தகட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பயத்தில் இனி உடைக்க மாட்டேன் என்பது அவர்கள் கணக்கு. சரியான கணக்குதான்.

அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் கோமதி சேச்சி. கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் பிறந்து அங்கேயே இருப்பவர், நாற்பது வயதிருக்கும். வெளியாட்கள் முன்னால் மேடம், மற்ற நேரம் சேச்சி. திட்ட மாட்டார். நீங்கள் என்ன சொன்னாலும், தகடு விரிசல் விட்டது, பூஞ்சை பிடித்தது, மெஷின் புகைகிறது, எதுவானாலும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "எழுதினயா?" எழுதவில்லை என்றால் அந்த விஷயம் நடக்கவேயில்லை என்பதுபோல் திரும்பிக்கொள்வார். எழுதிக் காட்டினால்தான் அவருக்கு அது புகையும். கூட வேலை பார்த்த ரெஜின், நெய்யாற்றின்கரைக்காரன், அவர் இல்லாத சமயத்தில் கண்ணாடியை ஏற்றிக்காட்டி அப்படியே நடித்துக் காட்டுவான்.

சேச்சியின் ரிஜிஸ்டரில் மூன்று கட்டம். வந்தபடி. செய்தது. செய்தபின். தகடு பெட்டியிலிருந்து வெளியே வந்ததும், அழுக்கோ தூசியோ, கையே வைக்காமல் முதல் ஸ்கேன். அதுதான் வந்தபடி. பிறகு சுத்தம் செய்ய வேண்டும். தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் விளிம்பில் ரசாயனப் படலம் எங்கே முடிகிறது என்று தெரியும். படம் இருப்பது அந்தப் பக்கத்தில். அதன்மேல் மூச்சுக்கூடப் படக் கூடாது. மறுபக்கம் வெறும் கண்ணாடி. காய்ச்சி வடித்த தண்ணீரில் பஞ்சைத் தொட்டு, பிழிந்து, அந்தப் பக்கத்தை மட்டும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்க வேண்டும். பிறகு இரண்டாவது ஸ்கேன். ஒரு தகட்டுக்கு ஒன்றரை மணி நேரம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புப் பெயின்ட். மூலையில் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று நாள் முழுக்க முனகும். மழைக்காலத்தில் சாயங்காலத்துக்குள் ஒரு பக்கெட் தண்ணீர் நிறைந்துவிடும். நாங்கள் சுவாசித்துக்கொண்டிருந்த தண்ணீர். தமாஷாகத்தான் சொல்வோம், ஆனால் அதை ஊற்றப் போகும்போது யாரும் பக்கெட்டுக்குள் பார்க்க மாட்டோம்.

இரண்டாவது வருஷம் ஜூன் மாதம் அந்தப் பெட்டி வந்தது. யாரோ ஒரு பழைய எஞ்சினியர் வீட்டுப் பரணில் கிடந்ததாம். நாற்பது தகடுகள், எல்லாம் தக்காணத்துப் பௌத்தக் குகைகள். மலையைக் குடைந்து வெட்டிய சைத்தியங்கள் என்ற வழிபாட்டு மண்டபங்கள், பிக்குகள் தங்கிய சின்னச் சின்ன அறைகள், வாசலில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு நிற்கும் புத்தர்கள். ஃபோட்டோ எடுக்கும் வித்தையே புதிதாக இருந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரன் மாட்டு வண்டியில் கண்ணாடியும் ரசாயனமும் ஏற்றிப் போய் எடுத்தவை. அவன் பெயர் பெட்டியில் இல்லை. நம்பர் மட்டும் இருந்தது. ஒவ்வொரு தகட்டின் மூலையிலும் ஒன்றிலிருந்து நாற்பதுவரை கீறியிருந்தான்.

நெகட்டிவில் குகை பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் தலைகீழ். வெயில் பட்ட பாறை கறுப்பு. குகையின் உள்ளிருட்டு பளீரென்று வெளிச்சம். லைட் டேபிளில் வைத்தால், உள்ளே யாரோ ஆயிரம் விளக்கு ஏற்றிவைத்துவிட்டு வெளியே இருட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். முதல் வாரம் செம த்ரில். இரண்டாவது வாரம் நான் சாப்பிடப் போகும்போது டேபிளை அணைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன்.

முதல் தகட்டிலேயே அவன் இருந்தான். தூணோ சிலையோ எவ்வளவு உயரம் என்று காட்ட ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்துவது அந்தக் காலத்து வழக்கம். இவன் கையில் பட்டை பட்டையாகப் பெயின்ட் அடித்த கோல். இடுப்பில் வேட்டி, தோளில் ஒரு துண்டு, வெறுங்கால். கால் விரல் நகம்வரை ஷார்ப். கழுத்துக்கு மேலே ஒரு புகை. இரண்டாவது தகட்டிலும் அதே. பத்தாவதிலும் அதே. ஊர் மாறுகிறது, குகை மாறுகிறது, அவன் கோலை ஒரு நூல் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறான், முகம் மட்டும் கிடையாது.

ரெஜின்தான் தலையாட்டி என்று பெயர் வைத்தான். காலையில் வந்ததும், "அளியா, தலையாட்டி இன்னைக்கி எந்தக் குகைல டியூட்டி?" என்பான். நான், அந்தக் கால கேமராவுக்கு பதினைந்து இருபது விநாடி வேண்டும், பாவம் பழக்கமில்லாத ஆள், ஆடிவிட்டான் என்று பிசிக்ஸ் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். சேச்சி பத்தொன்பதாவது தகட்டை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கோல் ஆடலை கேட்டயா. அவனுக்கு மொகத்தைக் கொடுக்க இஷ்டமில்லை ஆக்கும்."

அதற்குப் பிறகு நான் அவனை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். சம்பளத்துக்கு நிற்கச் சொன்னால் நிற்கிறான். உடம்பைத் தருகிறான். ஒவ்வொரு தடவையும் லென்ஸ் மூடியைத் திறந்ததிலிருந்து மூடுகிறவரை, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறான். வெள்ளைக்காரன் டென்ட்டுக்குள் போய்த் தகட்டைக் கழுவிப் பார்த்துப் பல்லைக் கடித்திருப்பான். அடுத்த ஊரிலும் அதேதான்.

இருபத்தைந்துக்கு மேல் ஒன்று கவனித்தேன். அந்தப் புகையின் அகலம் குறைந்துகொண்டே வந்தது. முதல் தகடுகளில் தோளுக்குத் தோள் விரிந்திருந்தது. முப்பதில் காதுக்குக் காது. முப்பத்தைந்தில் கோலை ஊன்றிக்கொண்டு நிற்கிறான், விலா எலும்பு எண்ணலாம், வேட்டியைக் கூடுதலாக ஒரு சுற்று சுற்றிக் கட்டியிருக்கிறான். முப்பத்தேழில் புகை ஒரு விரல் அகலம்தான். மூக்கு எங்கே என்று ஏறக்குறையத் தெரிகிறது. அந்தத் தகட்டை நான் ரெஜினிடம் காட்டவில்லை. அவன் ஜோக் அடிப்பான்.

முப்பத்தெட்டில் அவன் இல்லை.

வெயில் அடிக்கும் குகை வாசல், இடது பக்கம் நிற்கும் புத்தர், வலது பக்கம் ஒரு தூண். தூணடியில் கண்ணாடிப் பக்கத்தில் காய்ந்த சேறு மாதிரி ஒரு கறை. ஆள் இல்லை. ரிஜிஸ்டரில் ஏறுவதற்கு முன்னால் அடுத்த தகட்டைப் பார்க்கக் கூடாது என்பது சேச்சியின் சட்டம். மீறினேன். முப்பத்தொன்பதில், குகைக்கு முன்னால் நாலு கல்லை அடுக்கி அதில் கோலைச் செருகி வைத்திருந்தார்கள். நாற்பதிலும் கோல் மட்டும்தான்.

நேரம் காலை பதினொன்று இருக்கும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சேச்சி கீழே, ரெஜின் சாயா குடிக்கப் போயிருந்தான். எனக்குத் தலையாட்டியைப் பார்க்க வேண்டும். வேறு காரணம் எதுவும் கிடையாது, அவசரம் கிடையாது, டார்கெட் கிடையாது. முப்பத்தேழு தகடு கூடவே நடந்து வந்த ஆள் எங்கே போனான் என்று தெரிந்தாக வேண்டும். அந்தக் கறைக்குப் பின்னால் அவன் கோலாவது, காலாவது தெரியும் என்று பட்டது. பஞ்சைத் தண்ணீரில் தொட்டேன், பிழிந்தேன், துடைத்தேன். முதல் ஸ்கேன் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன். மறக்கவில்லை. ஸ்கேன் ஓட இருபது நிமிஷம் ஆகும், அவ்வளவு நேரம் காத்திருக்க முடியவில்லை.

பஞ்சு செங்கல் நிறத்தில் வந்தது. அழுக்கு அப்படி வராது. அழுக்கு சாம்பலாக வரும். அது மூளைக்கு எட்டியபோது நாலாவது பஞ்சு கையில் இருந்தது, கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

லைட் டேபிளில் குனிந்தேன். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் முழுதாக இருந்தது. நெகட்டிவ் அல்லவா, முகம் வெளுத்துக் கிடக்க, பாதி திறந்த இமைக்குள் விழி கறுப்பாக இல்லை, இரண்டு ஓட்டை வழியாக டேபிளின் வெளிச்சம் என் கண்ணுக்குள் நேராக வந்தது. மீசை. நெற்றியில் ஒரு தழும்பு. கீழுதட்டில் வெடிப்பு. பக்கத்தில் நிற்கும் புத்தரின் விரல் எவ்வளவு ஷார்ப்போ அவ்வளவு ஷார்ப். எனக்குக் கோபம் வந்தது, அதுதான் விசித்திரம். கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டாயா என்று.

சேச்சி மேலே வந்தபோது நான் இன்னும் குனிந்தபடியே இருந்தேன். அவர் லென்ஸை வாங்கினார். முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தார். மூச்சு விடுகிற ஆளின் வயிற்றில் வேட்டி மடிப்பு இருபது விநாடியில் லேசாக மங்கும். முப்பத்தேழு தகட்டிலும் மங்கியிருக்கிறது, அவர் அதையெல்லாம் கவனித்து வைத்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். இதில் மடிப்பு நூல் நூலாக எண்ணலாம். பிறகு அக்குளைக் காட்டினார். தோளில் எப்போதும் கிடந்த துண்டு அக்குளுக்கு அடியில் போய்த் தூணுக்குப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தது.

"ஒக்காந்திருக்கலை," என்றார். "ஒக்கார வெச்சிருக்கா."

கீழே பஸ் ஸ்டாண்டில் யாரோ நெடுமங்காடு, நெடுமங்காடு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மெஷின் முனகிக்கொண்டிருந்தது.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வந்தபடி எங்கே?"

"எடுக்கலே சேச்சி."

நிஜமாகவே திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குப்பைத் தொட்டியைத் தரையில் கவிழ்த்தார். சாயா கப், பழம்பொரி சுற்றிய காகிதம், அதற்கு நடுவில் என் பஞ்சுகள். இடுக்கியால் நாலையும் எடுத்து, காகிதத்தில் பரப்பி, ஃபேனை நிறுத்தி, காய்ந்ததும் தனித்தனிக் கவரில் போட்டு நம்பர் எழுதினார். எது முதலில் துடைத்தது என்று கேட்டார். அதையும் எழுதினார். அப்புறம் முப்பத்தெட்டாவது தகட்டின்மேல் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளை விரித்து, பென்சிலை என் கையில் கொடுத்தார்.

"கறை எங்கேர்ந்து எதுவரைக்கும் இருந்தது? வரை."

ஏன் என்று எனக்குப் புரிந்தது. வெள்ளைக்காரன் தன் கோலைப் பிடிக்க வைத்த ஆள் வழியில் செத்திருக்கிறான். செத்தபின்னும் அவனைத் தூணில் கட்டி ஒரு படம் எடுத்திருக்கிறான். அளவுக்காகவா, இல்லை முப்பத்தேழு தடவை மறுக்கப்பட்ட அந்த முகத்துக்காகவா, தெரியாது. பிறகு வெள்ளைக்காரனே பார்க்கச் சகிக்காமல், கண்ணாடியின் பின்பக்கம் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறான். நெகட்டிவில் பெயின்ட் அடித்த இடம் பிரின்ட்டில் வெள்ளையாக விழும், வெயில் பட்ட பாறையோடு கலந்துவிடும். இதற்கெல்லாம் ஒரே சாட்சி அந்தப் பெயின்ட்டின் வடிவம். அது ஆளை மட்டும் மறைத்ததா, அல்லது தூண் முழுக்கச் சும்மா பூசியதா? அதை வைத்துத்தான் அந்த ஆளைப் பற்றி டிரஸ்டின் பட்டியலில் என்ன ஏறும் என்பது முடிவாகும். அதைக் கடைசியாகப் பார்த்தவன் நான். பார்த்தவன் ஒருவன்தான்.

வரைந்தேன். தலைக்கு மேலே ஒரு வளைவு, தோள், முழங்கால். கை தானாகப் போயிற்று. முடித்துவிட்டு நிமிர்ந்தால் அது ஓர் ஆள்.

சேச்சி கோட்டின்மேல் லென்ஸை ஓட்டினார். "இது கறையோட ஓரமா, அவனோட ஓரமா?"

கண்ணை மூடிக் கறையை நினைத்துப் பார்த்தேன். சேறு மாதிரி, தூணடியில். வடிவம்? மூடிய கண்ணுக்குள் அவன்தான் வந்தான், அந்த இரண்டு ஓட்டைகளோடு. துடைப்பதற்கு முந்தைய ஞாபகத்திலும் போய் உட்கார்ந்துவிட்டான். இன்றைக்கு வரை அந்தக் கறையை அவன் இல்லாமல் என்னால் நினைக்க முடிந்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து டிரஸ்ட் கமிட்டி கூடியது. பஞ்சைப் பரிசோதித்ததில் கோந்தும் செம்மண் சாயமும் என்று வந்திருந்தது, அந்தக் கால ஃபோட்டோகிராபர்கள் நெகட்டிவில் அடிக்கும் அதே பெயின்ட். சேச்சி எழுதிக் கொடுத்த வாசகம் ஒன்றே ஒன்றுதான்: இறந்த ஊழியரின் உடல், ஒளிப்படக்காரரால் மறைக்கப்பட்டது. கமிட்டியின் தலைவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வேறொரு எஞ்சினியர், மரியாதையான மனிதர், முழுக்கக் கேட்டார். பிறகு, வானத்தையும் விரிசலையும் மறைக்க எல்லோரும் இதே பெயின்ட்டைத்தான் பூசினார்கள், களைத்துத் தூங்குகிறவனும் அசைய மாட்டான், துண்டைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்காருவது இன்றும் உண்டு என்றார். எல்லாம் நியாயம்தான். நான் வரைந்த தாளை என் பக்கம் திருப்பி வைத்து, என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"உறப்பாணோ, மோனே?"

நிச்சயம்தானா என்று. ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏறியிருக்கும். அறையில் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். சேச்சி என்னைப் பார்க்கவில்லை, மேசையில் இருந்த ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் முப்பத்தெட்டுக்கு நேரே 'வந்தபடி' கட்டம் வெள்ளையாக இருந்தது. ஆமாம் சொல்லலாம் என்றுதான் உள்ளே போனேன். ஆனால் அந்தக் கோடு என்னுடையதா கறையுடையதா என்று எனக்கே தெரியாதபோது, அவன் செத்ததற்கு நான் எப்படிச் சாட்சி?

"தெரியல சார்," என்றேன்.

தலைவர் தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். வெளியே வந்ததும் சேச்சியிடம், பொய் சொல்லியிருக்கணுமா என்று கேட்டேன். படியில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "சொல்லியிருந்தா நான் ஒத்திண்டிருக்க மாட்டேன். சொல்லலைங்கறதும் எனக்கு ஆறலை."

அதற்குமேல் அங்கே எட்டு மாதம் வேலை பார்த்தேன். ஒரு தகட்டிலும் முதல் ஸ்கேன் விட்டதில்லை. ஆனால் புதிய பெட்டி திறக்கும் ஒவ்வொரு தடவையும், மேலே கறை உள்ள தகட்டைப் பார்த்தால் கை தானாகப் பஞ்சுக்குப் போகும். அதை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கேன் ஓடுகிற இருபது நிமிஷமும் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ரெஜின் தோளைத் தட்டிச் சொன்னான். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். வந்ததிலிருந்தே என்றான். அந்த மாதக் கடைசியில் ராஜினாமாக் காகிதம் கொடுத்தேன்.

டிரஸ்டின் வெப்சைட்டில் நாற்பது தகடும் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம். இன்று காலை பார்த்தேன். முப்பத்தெட்டின் கீழே 'குகை வாசலில் ஓய்வெடுக்கும் ஊழியர்' என்று இருக்கிறது.